மனதாகுமட்டும்: கிறிஸ்தவத் தம்பதிகளுக்குத் தாம்பத்தியம் பற்றி ஒரு முழுமையான வழிகாட்டி

கோயிலில் மூன்றாவது ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அம்மா, சபை ஆயரான என் கணவரிடம் ஆராதனை நேரம், பாட்டு, மண்டபம் என்று பேசிக்கொண்டிருக்க, காபி டம்ளரை எடுத்து வைக்கிற சாக்கில் அந்தப் பெண் என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்துவிட்டாள். முதல் வேலையாகக் குழாயைத் திறந்துவிட்டாள், பேசுவது வெளியே கேட்கக் கூடாதாம். அப்புறம் கேட்டாள்: "ஆயரம்மா, அன்னைக்கு ராத்திரி ஜெபம் பண்ணிட்டுத்தான்... எல்லாம் ஆரம்பிக்கணுமா?"

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். எம்.எஸ்சி. படித்த பெண். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள். இதைக் கேட்க அவளுக்கு ஓடுகிற குழாய் தேவைப்பட்டது. 26 வருஷத்துக்கு முன்னால் எனக்கு அந்த அடுப்படிகூடக் கிடைக்கவில்லை. எங்களுக்குக் கல்யாண ஆலோசனை சொன்ன பெரியவர் வரவு செலவு, மாமியார், குடும்ப ஜெபம் என்று முக்கால் மணி நேரம் பேசினார். படுக்கை என்ற சொல் ஒரு தடவைகூட அவர் வாயில் வரவில்லை.

அன்று பாத்திரம் கழுவிக்கொண்டே அவளுக்குச் சொன்னதையும், நேரமில்லாமல் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கல்யாணம் நிச்சயமானவர்களுக்கும் எழுதுகிறேன், இருபது வருஷம் ஒரே கட்டிலில் படுத்தும் இதைப் பற்றி வாய் திறக்காதவர்களுக்கும் எழுதுகிறேன். நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). மேலூர் பக்கம், உசிலம்பட்டி பக்கம் என்று பல சேகரங்களில் (ஒரு ஆயரின் பொறுப்பில் இருக்கிற சபை வட்டாரங்களில்) இருந்துவிட்டு இப்போது மதுரைக்குள் இருக்கிறோம். கத்தோலிக்கர் வேறுபடுகிற இடத்தை அங்கங்கே சொல்கிறேன்.

முதல் படி: தலைக்குள் இருப்பதைக் காலி செய்யுங்கள்

நம் ஊர்ப் பெண்பிள்ளைக்குப் பெரியவளான நாளிலிருந்து "அது அசிங்கம்" என்று சொல்லி வளர்க்கிறோம். பையனுக்குச் சபையில் அது பாவம், கூட்டாளிகளிடம் அது கெத்து. இப்படி இருபது இருபத்தைந்து வருஷம் ஊறப்போட்டுவிட்டு, தாலி கட்டின ராத்திரி பத்து மணிக்கு "இனிமேல் அது பரிசுத்தம்" என்றால் உடம்பு எப்படி நம்பும்?

அதனால் கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்பே வேதாகமத்தை இந்தக் கண்ணோடு ஒரு தடவை வாசியுங்கள். "பலுகிப் பெருகி" என்ற ஆசீர்வாதம் ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. பாம்பு வருவது மூன்றாம் அதிகாரத்தில். விலக்கப்பட்ட கனி என்றாலே உடலுறவுதான் என்று நம்புகிற பெரியவர்கள் நம் சபைகளில் இன்னும் உண்டு. அதிகார வரிசையைப் பார்த்தாலே அந்தக் கதை நிற்காது. இரண்டாம் அதிகாரம் முடிகிற வசனம், இருவரும் நிர்வாணிகளாயிருந்தும் வெட்கப்படாதிருந்தார்கள் என்கிறது. நாலாம் அதிகாரத்தில் ஆதாம் ஏவாளை "அறிந்தான்". உடம்பு கூடுவதற்கு எபிரெய வேதம் எடுத்துக்கொண்ட சொல், ஒருவரைத் தெரிந்துகொள்வதற்கான சாதாரணச் சொல்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஆதியாகமம் 26:8. எந்தக் கல்யாணப் பிரசங்கத்திலும் நான் கேட்டிராத வசனம். பஞ்சத்துக்குப் பிழைக்கப் போன ஊரில், பயத்தில் ரெபெக்காளைத் தங்கை என்று சொல்லி வைத்திருக்கிறான் ஈசாக்கு. ஒருநாள் ராஜா அபிமெலேக்கு ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். ஈசாக்கு அவளோடு "விளையாடிக்கொண்டிருக்கிறதை"க் காண்கிறான். அவ்வளவுதான், குட்டு உடைந்துவிட்டது. யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அந்த விளையாட்டைப் பார்த்ததுமே இது புருஷன் பெண்சாதி என்று ராஜாவுக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் வீட்டு ஜன்னல் வழியாக ஒருவர் பார்த்தால் அப்படி ஏதாவது தெரியுமா? ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள், அது வேறு விஷயம்.

உன்னதப்பாட்டை (கத்தோலிக்கப் பதிப்பில் இனிமைமிகு பாடல்) கிறிஸ்துவும் சபையும் என்று மட்டும் வாசித்துப் பழகியிருப்போம். அப்படி வாசிப்பதில் தவறில்லை. ஆனால் எட்டு அதிகாரமும் முதலில் ஒரு ஆணும் பெண்ணும் ஒருவர் உடம்பை ஒருவர் வியந்து பாடுகிற பாட்டு. பள்ளிக்கூடத்தில் அகத்திணை படித்த தமிழருக்கு இதில் அதிர்ச்சி அடைய என்ன இருக்கிறது?

சபையும் எல்லாக் காலத்திலும் வாய்மூடி இருந்துவிடவில்லை. 1662ஆம் வருஷத்து ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில், மோதிரம் போடும்போது மாப்பிள்ளை "என் உடலால் உன்னை வணங்குகிறேன்" என்ற பொருளில் ஒரு வரி சொல்ல வேண்டும், அதுவும் சபையார் முன்னால். போப் இரண்டாம் ஜான் பால் 1979 முதல் 1984 வரை தம் புதன்கிழமை உரைகளில் 129 உரைகளை மனித உடல், காதல், திருமணம் என்பதற்கே ஒதுக்கினார். அவர் பேசிய அளவுக்கு நம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு கூட்டமாவது பேசலாம்.

இரண்டாம் படி: ஓலை வாசிக்கிற நாட்களில் பேசி முடிக்க வேண்டியது

நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் போனில் மணிக்கணக்காகப் பேசுகிறீர்கள். சாப்டியா, தூங்கலையா, என்ன கலர் சட்டை. அதில் ஒரு மணி நேரம் இதற்குக் கொடுங்கள். குழந்தை உடனே வேண்டுமா, தள்ளிப் போடலாமா? எந்த முறையில்? அந்தத் தேதிக்கு மாதவிலக்கு வருமா? உடம்பில் மறைத்து வைத்திருக்கிற நோய் ஏதாவது? சர்க்கரை, வலிப்பு, மனநலத்துக்குச் சாப்பிடுகிற மாத்திரை, எதுவானாலும் தாலிக்கு முன் தெரிய வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கு இருவரும் போவது சந்தேகத்தால் இல்லை. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ரத்த வகை, தலசீமியா இவை தெரிந்திருப்பது பிறக்கப்போகிற பிள்ளைக்கும் நல்லது. அத்தை மகள், மாமன் மகன் என்று சொந்தத்தில் கட்டுகிறவர்கள் இதைத் தட்டிக்கழிக்கவே கூடாது.

ஒரு விஷயம் மட்டும் போனில் வேண்டாம். சின்ன வயதில் யாராவது தவறாகத் தொட்டிருந்தால், அது முதலிரவில் திடீரென்று உடம்பை உறைய வைக்கலாம். இது நிறையப் பேருக்கு நடந்திருக்கிறது, ஆண்களுக்கும்தான். முன்கூட்டியே ஒரு மனநல ஆலோசகரிடம் பேசிவிடுங்கள். துணையிடம் எப்போது, எவ்வளவு சொல்வது என்பது உங்கள் கையில். நடந்தது உங்கள் பாவம் இல்லை. அதற்கு நீங்கள் பாவமன்னிப்புக் கேட்க வேண்டியதும் இல்லை.

மூன்றாம் படி: முதலிரவு

எங்கள் கதையைச் சொல்கிறேன். காலை நாலு மணிக்கு எழுப்பி அலங்காரம். ஆராதனை, சாப்பாடு, போட்டோ, நின்று நின்று கால் வீங்கிவிட்டது. ராத்திரி அறைக்குள் போனால் என் நாத்தனார்கள் கட்டில் முழுக்க மதுரை மல்லியைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். மல்லி மொட்டு ராத்திரியில்தான் விரியும் என்பது உங்களுக்குத் தெரியும். மின்விசிறி சரியாக ஓடாத சித்திரை மாசத்து அறையில், ஐந்தாறு கிலோ மொட்டு ஒரே நேரத்தில் விரிந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. எனக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். போர்வையோடு சேர்த்துப் பூவைச் சுருட்டி மூலையில் வைத்தார். "நீ தூங்கு, நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார். அன்றைக்கு எனக்கு வேறு எந்த வார்த்தையும் அவ்வளவு இனித்திருக்காது.

ஆகவே: அன்றைக்கே நடந்தாக வேண்டும் என்று எந்த வேதமும் சொல்லவில்லை. மோசேயின் சட்டத்தில் புது மாப்பிள்ளைக்கு ஒரு வருஷம் லீவு உண்டு (உபாகமம் 24:5). யுத்தத்துக்குப் போக வேண்டாம், வேறு பொறுப்பு வேண்டாம், வீட்டில் இருந்து மனைவியைச் "சந்தோஷப்படுத்துவானாக" என்கிறது. ஒரு வருஷம்! நாம் ஒரே ராத்திரியில் முடிக்கப் பார்க்கிறோம்.

ஜெபம் பற்றி அந்தப் பெண் கேட்டாளே, அவளுக்குச் சொன்ன பதில்: பண்ண மனமிருந்தால் பண்ணு, இரண்டு நிமிஷம், கையைப் பிடித்துக்கொண்டு. பயத்தைத் தள்ளிப்போட அரை மணி நேர ஜெபம் வேண்டாம். "எனக்குப் பயமா இருக்கு"ன்னு அவரிடமே சொல்.

உடம்பு பற்றித் தெரிய வேண்டியது சில. முதல் தடவை எல்லாப் பெண்ணுக்கும் ரத்தம் வராது. வராததை வைத்துக் கற்பை அளக்கிறவர்கள் உடற்கூறு தெரியாதவர்கள், போர்வையைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பெண்ணின் உடம்பு தயாராகப் பெரும்பாலும் அதிக நேரம் எடுக்கும். ஈரம் சுரக்காமல் அவசரப்பட்டால் வலிக்கும். மெடிக்கல் ஷாப்பில் தண்ணீர் சார்ந்த ஜெல் கிடைக்கும், வெட்கப்படாமல் வாங்குங்கள். ஆணுறை போடுகிறவர்கள் தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது, எண்ணெய் பட்டால் ரப்பர் கிழியும். முடிந்ததும் பெண் சிறுநீர் கழித்துவிட்டு வருவது நல்லது. புதுப் பெண்களுக்கு வருகிற நீர்க்கடுப்பைத் தவிர்க்க இது உதவலாம். வாரக்கணக்கில் முயன்றும் உள்ளே போகவே முடியவில்லை, தசை தானாக இறுகிப் பூட்டிக்கொள்கிறது என்றால் அது பிடிவாதமும் இல்லை, பேயும் இல்லை. அதற்கு மருத்துவப் பெயரும் உண்டு, சிகிச்சையும் உண்டு; பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிப் போவதற்கு முன்னால் லேடி டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

நாலாம் படி: 1 கொரிந்தியர் 7ஐ முழுதாக வாசியுங்கள்

இங்கேதான் நான் நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. நம் சபைகளில் படுக்கையறைக்குள் போகிற ஒரே வசனம் இதுதான், அதுவும் பாதி வசனம். "மனைவியானவள் தன் சொந்த சரீரத்திற்கு அதிகாரியல்ல, புருஷனே அதற்கு அதிகாரி." இதைச் சொல்லி மனைவியைப் பணிய வைத்த ஆண்களை எனக்குத் தெரியும். சொன்னவர்களில் ஒருவர் சபையில் பொறுப்பில் இருந்தவர்.

அந்த வசனம் அங்கே முடியவில்லை. "அப்படியே புருஷனும் தன் சொந்த சரீரத்திற்கு அதிகாரியல்ல, மனைவியே அதற்கு அதிகாரி." பவுல் எழுதிய காலத்து ரோம உலகத்தில் முதல் பாதி யாருக்கும் செய்தியே இல்லை. மனைவி உடம்புக்குப் புருஷன் எஜமான் என்பது எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம். இரண்டாம் பாதியைக் கேட்டுத்தான் கொரிந்து பட்டணத்து ஆண்கள் புருவத்தை உயர்த்தியிருப்பார்கள். அதற்கு முந்தின வசனமும் புருஷன் கடமையில்தான் தொடங்குகிறது. பிறகு மனைவியின் கடமை வருகிறது. யாருக்கு உரிமை என்று பவுல் எங்கேயும் கேட்கவில்லை, யார் எதைக் கொடுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார். இந்த வசனத்தை எடுத்துக் காட்டி ஒருவர் மற்றவரிடம் பறித்தால், அவர் அதே வசனத்தின் அடுத்த பாதியை மீறுகிறார். அவள் உடம்புக்கு அவன் அதிகாரி, சரி. அவனுடைய கைக்கு அவள் அதிகாரி. "இன்னைக்கு வேண்டாம்" என்று அந்தக் கையைத் தள்ளி வைக்க அவளுக்கு அதிகாரம் உண்டா இல்லையா?

ஐந்தாம் வசனத்தில் பிரிந்திருப்பது பற்றி வருகிறது. உபவாசத்துக்காகவும் ஜெபத்துக்காகவும், கொஞ்ச காலம், இருவரும் "சம்மதித்தாலன்றி" பிரியாதிருங்கள், அப்புறம் மறுபடியும் கூடிவாழுங்கள். லெந்து (தவக்காலம்) நாற்பது நாளும் விலகியிருக்கப் போவதாக ஒருவர் மட்டும் முடிவெடுத்து மற்றவருக்கு அறிவிப்பது இந்த வசனப்படி செல்லாது. ஆடி மாசமும் அப்படித்தான். ஆடியில் கூடினால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்று புதுப்பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்புகிற வழக்கம் நம் கிறிஸ்தவ வீடுகளிலும் சத்தமில்லாமல் தொடர்கிறது. பவுல் கேட்கிற சம்மதம் இரண்டு பேருடையது. மாமியாரின் கையெழுத்துக்கு அங்கே இடம் விடவில்லை.

இதோடு உன்னதப்பாட்டில் மூன்று தடவை (2:7, 3:5, 8:4) திரும்பத் திரும்ப வருகிற ஒரு வரியைச் சேர்த்து வாசியுங்கள். நம் பழைய வேதாகமத்தில் அது இப்படி இருக்கிறது: "எனக்குப் பிரியமானவளுக்கு மனதாகுமட்டும் நீங்கள் அவளை விழிக்கப்பண்ணாமலும் எழுப்பாமலும்" இருங்கள். மற்ற மொழிபெயர்ப்புகள் பல, காதலைத் தட்டி எழுப்பாதீர்கள் என்று அதை எடுத்துக்கொள்கின்றன. எனக்கு இந்தப் பழைய தமிழ்தான் வேண்டும். மனதாகுமட்டும். அவளுக்கு மனசு வருகிற வரைக்கும். தாம்பத்தியத்துக்கு ஒரே ஒரு சட்டம் போடு என்று என்னிடம் சொன்னால் இந்த ஒரு சொல்லை எழுதித் தருவேன். ஆணுக்கும் அதே சட்டம்தான். வேலை முடிந்து பத்து மணிக்குக் களைத்து வருகிறவருக்கும் மனதாக வேண்டும்.

ஐந்தாம் படி: தாழ்ப்பாள்

சின்ன விஷயம் மாதிரி இருக்கும். மேலூர்ப் பக்கத்துச் சேகரத்தில் எங்கள் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கோயில் மணி அடிக்கிறவர் விடியற்காலை ஐந்து மணிக்கு "ஐயா, சாவி!" என்று நேராக உள்ளேயே வருவார், நல்ல மனுஷர். ஏழு மாசம் இப்படியே ஓடியது. எனக்கு ஏன் எப்போதும் எரிச்சலாக இருக்கிறது, என் கணவரைக் கிட்டவே விடுவதில்லை ஏன் என்று எனக்கே தெரியவில்லை. ஒருநாள் அவர் ஆசாரியைக் கூட்டி வந்து ஒரு தாழ்ப்பாளும் நாலு திருகாணியும் போட்டார். சாவி வாசல் ஆணியில் தொங்க ஆரம்பித்தது. அவ்வளவுதான் வைத்தியம்.

செல்லூரிலும் ஆரப்பாளையத்திலும் ஒரு ஹால், ஒரு ரூம் வீட்டில் மாமனார், மாமியார், கொழுந்தன் எல்லாரும் இருக்கிற தம்பதிகள் எத்தனையோ பேர். "தகப்பனையும் தாயையும் விட்டு" என்பது வீட்டை விட்டு ஓடச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தம்பதிக்கென்று ஒரு எல்லை வேண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பெரியதாகிவிட்டால் ஆச்சியோடு படுக்கப் பழக்குங்கள். பெரியவர்களே, சனிக்கிழமை சாயங்காலம் பேரனைக் கூட்டிக்கொண்டு ராஜாஜி பூங்காவுக்குப் போங்கள், இரண்டு மணி நேரம் கழித்து வாருங்கள். இதைவிடப் பெரிய கல்யாணப் பரிசு உங்களால் கொடுக்க முடியாது. போனை அறைக்கு வெளியே சார்ஜ் போடுவதும் இதே தாழ்ப்பாள் கணக்கில்தான் வரும்.

ஆறாம் படி: கற்றுக்கொள்வது, கேட்பது, மறுப்பது

ஆண்களுக்கு: உங்களுக்கு முடிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை. பெண்ணுக்கு இன்பம் உள்ளே நுழைவதால் மட்டும் வருவது குறைவு. வெளியே, மேல்பக்கம் இருக்கிற சின்ன முனையில்தான் உணர்வு நரம்புகள் நெருக்கமாக இருக்கின்றன. அதைப் படைத்தவர் யார்? பிள்ளை பெறுவதற்கும் அந்த முனைக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. இன்பம் ஏதோ தற்செயலாக வந்து ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பெண்களுக்கு: வாயைத் திறங்கள். "இங்கே", "மெதுவா", "இது வேண்டாம்", "இது நல்லாருக்கு". நாலு வார்த்தை போதும். உன்னதப்பாட்டில் பாதிக்கு மேல் பேசுகிறது அவள்தான். வாடையே எழும்பு, தென்றலே வா, என் தோட்டத்தில் வீசு, என் நேசர் தம்முடைய தோட்டத்துக்கு வரட்டும் என்று அவளே கூப்பிடுகிறாள். ஆசைப்படுகிற பெண் கெட்ட பெண் என்று எந்த வேதத்தில் படித்தோம்?

எது செய்யலாம், எது கூடாது என்று தனியாக வந்து கேட்கிறார்கள். பட்டியல் என்னிடம் இல்லை. இருவருக்கும் மனசிருக்கிறதா, யாருக்காவது வலிக்கிறதா அவமானமாக இருக்கிறதா, மூன்றாவது ஆள் உள்ளே வருகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாவது ஆள் என்றால் போன் திரையில் வருகிறவரும் சேர்த்திதான். ஆபாசப் படம் பார்த்துப் பழகினவர்கள் மனைவியிடம் கேட்பது பல நேரம் அவள் உடம்புக்குத் தெரியாத பாஷை. இச்சையோடு பார்ப்பது பற்றி இயேசு சொன்னது மத்தேயு 5:28இல் இருக்கிறது, விளக்கம் தேவையில்லை. அதை விட முடியாதவர் ரகசியமாக அழுவதை விட ஒரு நம்பகமான மூத்தவரிடமோ ஆலோசகரிடமோ சொல்லி உதவி வாங்குவது நல்லது. என் கணவரிடம் வந்த பையன்களில் பலர் சொல்லி முடித்த அன்றே பாதி சுமை இறங்கினது என்றார்கள்.

மறுப்பது பற்றியும் உன்னதப்பாட்டில் ஒரு காட்சி இருக்கிறது. ஐந்தாம் அதிகாரம். இரவு, தூறல், தலை நனைந்து அவன் கதவைத் தட்டுகிறான். அவளோ படுத்துவிட்டாள். கால் கழுவியாயிற்று, மறுபடி எப்படி அழுக்காக்குவேன் என்கிறாள். நம் வீட்டில் "இப்பத்தான் குளிச்சேன்" என்போமே, அதேதான். அவன் கதவை உடைக்கவில்லை. போய்விடுகிறான். அப்புறம் அவளுக்கு மனசு மாறி, எழுந்து திறந்தால் ஆள் இல்லை; தேடிப் போகிறாள். நேரம் தப்பிப்போவது அந்தப் பாட்டிலேயே நடந்திருக்கிறது, அதனால் உங்கள் வீட்டில் நடந்தால் உலகம் முடிந்துவிடாது. மறுக்கிறவர் ஒரு வார்த்தை கூடச் சேர்த்துக்கொண்டால் போதும்: "இன்னைக்கு முடியலங்க, நாளைக்கு." அந்த நாளை நிஜமாகவே வர வேண்டும், அதுதான் முக்கியம். மறுப்பை ஆயுதமாக, புடவை வாங்கித் தராததற்கு மூன்று வாரம் என்று வைப்பது வேறு சங்கதி.

ஏழாம் படி: பிள்ளை, பிள்ளை தள்ளிப்போடுவது

சுருக்கமாகச் சொல்கிறேன். கத்தோலிக்கத் திருச்சபை 1968இல் போப் ஆறாம் பால் வெளியிட்ட சுற்றுமடலின்படி செயற்கைக் கருத்தடையை ஏற்பதில்லை. கருத்தரிக்கும் நாட்களைக் கணக்கிட்டு விலகியிருக்கிற இயற்கை முறையை ஏற்கிறது. ஆங்கிலிக்கன் சபைகள், தங்கள் பேராயர்கள் கூடிய 1930 லாம்பெத் மாநாட்டிலேயே குறிப்பிட்ட சூழ்நிலைகளில் கருத்தடைக்கு இடம் கொடுத்தன. நம் சபையிலும் இது தம்பதியின் மனசாட்சிக்கு விடப்பட்டது. இயற்கை முறை என்றால் நாட்காட்டியில் குத்துமதிப்பாகக் கோடு போடுவது இல்லை. கருமுட்டை ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும், ஆனால் விந்தணு ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். முறையாகக் கற்றுக்கொண்டுதான் செய்ய வேண்டும். நிரந்தரக் கருத்தடை வேண்டும் என்று முடிவு செய்த வீடுகளில் எல்லா ஆபரேஷனும் பெண் தலையிலேயே ஏன் விழுகிறது என்பது என் பழைய புலம்பல். ஆணுக்குச் செய்வது அதைவிடச் சின்ன வேலை.

பிள்ளை இல்லாத வீட்டில் ஒவ்வொரு மாசமும் படுக்கை பரீட்சை ஹால் ஆகிவிடும். ஒரு வருஷம் முயன்றும் இல்லை என்றால் (மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாசம்) இருவரும் சேர்ந்து டாக்டரிடம் போங்கள். புருஷனுக்கான விந்துப் பரிசோதனைதான் எளிது, முதலில் அதைச் செய்யுங்கள். வேதாகமத்தில் பிள்ளைக்காக ஆலயத்தில் அழுத அன்னாளைப் போல, மனைவியைக் கோயிலுக்கு மட்டும் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

பிரசவத்துக்குப் பிறகு குறைந்தது ஆறு வாரம், ஆபரேஷன் என்றால் டாக்டர் சொல்கிற வரை. பால் கொடுக்கிற மாதங்களில் வறட்சி இருக்கும், ஆசை குறையும். அது ஹார்மோன் வேலை, அன்பு குறைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அவள் தாய் வீட்டிலிருந்து திரும்பி வருகிற அன்று ராத்திரியே எதிர்பார்த்துக் கட்டிலில் காத்திருக்காதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவளைத் தூங்கவிடுங்கள்.

எட்டாம் படி: பலவந்தம் இருக்கிற இடத்தில்

இதை ஜெபத்தால் சரியாகிற குடும்பப் பிரச்சினை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சொல்கிறவர் ஆயராக இருந்தாலும் சரி. துணையின் நிலையையும் நியாயமான விருப்பத்தையும் மதிக்காமல் சுமத்தப்படும் உறவு உண்மையான அன்பின் செயல் ஆகாது என்று நான் மேலே சொன்ன 1968 சுற்றுமடலே சொல்கிறது. கருத்தடை விஷயத்தில் அந்த மடலை வரிக்கு வரி சொல்கிறவர்கள் இந்த வரியையும் சொல்லலாம். நாட்டுச் சட்டப்படியும் 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் பாலியல் கொடுமையைக் குடும்ப வன்முறையாகவே கணக்கிடுகிறது. 181 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். அடி விழுந்தால் முதலில் பாதுகாப்பான இடம், அப்புறம் மருத்துவமனை. சமாதானம் பேசுவது எல்லாம் அதற்கும் பிறகுதான். உங்கள் சேகரத்து ஆயரம்மாவின் கதவை ராத்திரி எத்தனை மணிக்கும் தட்டலாம், எங்கள் தாழ்ப்பாள் அதற்காகப் போட்டது இல்லை.

ஒன்பதாம் படி: ஐம்பதுக்கு மேல்

ஐம்பது தாண்டினால் "இந்த வயசுல என்ன" என்று விட்டுவிடுகிறோம். பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றபின் வறட்சியும் வலியும் வரும்; அதற்கு ஜெல் இருக்கிறது, டாக்டர் எழுதித் தருகிற கிரீம் இருக்கிறது. ஆணுக்கு விறைப்பு குறைவதற்குச் சர்க்கரை ஒரு பெரிய காரணம், சில பிரஷர் மாத்திரைகளும் காரணம். சில பேருக்கு அது இதய நோய் வரப்போவதன் முன்னறிவிப்பாகவும் இருக்கும். பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கிற லேகிய நோட்டீசுக்குப் போன் போடாதீர்கள். வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடமே கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

எங்கள் சபையில் ஒரு அண்ணன், ஓய்வு பெற்றவர். சர்க்கரை வந்து மூன்றாம் வருஷம் ஒருநாள் ராத்திரி தன் கட்டிலை ஹாலுக்கு மாற்றிவிட்டார். குறட்டை விடுகிறேன், அவளுக்குத் தூக்கம் கெடுகிறது என்று காரணம் சொன்னார். அந்த அக்கா நம்பவில்லை. தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று இரண்டு வருஷம் மனசுக்குள் வைத்துக்கொண்டு, ஐக்கிய சங்கக் கூட்டம் முடிந்த ஒரு சாயங்காலம் என்னிடம் அழுதார். அண்ணன் என் கணவரிடம் வேறு கதை சொன்னார்: "முடியலைன்னு அவகிட்ட எப்படிய்யா சொல்றது?" இரண்டு பேரும் சேர்ந்து டாக்டரிடம் போனார்கள். மாத்திரை மாற்றினார்கள், சர்க்கரை கட்டுக்குள் வந்தது, கொஞ்சம் சரியாயிற்று, முழுசாக இல்லை. அந்தக் கட்டிலைத் திரும்ப உள்ளே கொண்டுபோக ஒரு ஞாயிற்றுக்கிழமை பையன்களைக் கூப்பிட்டார் அண்ணன். கட்டில் ஹாலுக்கு வந்த பிறகு அறை வாசல் நிலையை மாற்றியிருந்தார்கள், கட்டில் நுழையவில்லை. நாலு காலையும் கழற்றி, பக்கவாட்டில் சாய்த்துத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். அக்கா சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு அறை வாசலில் நின்று, "பாத்து, பாத்து, செவுத்துல இடிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.